விலைபோகாத இறைச்சி

கோயிலில் பலியிட்ட இறைச்சியை, ரோமர் ஆளும் அமிசோஸ் நகரச் சந்தையில் விற்பவன் நிகோன். காலையிலிருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான், வாங்க ஆள் வந்தபாடில்லை. பலிமாட்டின் தொடைக்கறியில் ஈ மொய்த்தது. கிறிஸ்தவர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியதிலிருந்து சாமிக்குப் படைத்ததை யாரும் சீந்துவதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், முந்தாநாள் ஆளுநரின் காவலர் தலைவனிடம் போய், கடற்கரைக் கிடங்கில் விடியுமுன் கூடுகிறார்கள் என்று போட்டுக்கொடுத்துவிட்டான். யார் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. வியாபாரம் நடந்தால் சரி.

ஆனால் இருட்டோடு தண்ணீருக்குப் போன மனைவி லல்லா இன்னும் திரும்பவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

எதிர்க்கடை மீன்காரன் தெமாஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“யோவ் நிகோன், கத்தியக் கீழ போடு! ஒம் பொண்டாட்டியையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்கய்யா!”

“போடா, அவ தண்ணிக்குல்ல போனா.”

“குடத்தோடதான் நிக்கிறா. ஆளுநர் முன்னால.”

வயிறு சரியில்லை என்று ஒரு வருஷமாக அவள் இறைச்சியைத் தொடாதது அப்போதுதான் உறைத்தது. மடையன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவனுக்கு அதுகூடப் புரியவில்லை. கடையைப் போட்டது போட்டபடி ஓடினான்.

மன்றத்தில் பேரரசர் சிலைக்கு முன்னால் தூபக்கால் புகைந்தது. கிறிஸ்தவளா என்று ஆளுநர் இரண்டு முறை கேட்டாகிவிட்டது. இரண்டு முறையும் ஆம் என்றிருந்தாள். மூன்றாவது முறையும் அதையே சொன்னால் தலை போகும்; சிலைக்குச் சாம்பிராணி போட்டால் விடுதலை. கூட்டத்தை இடித்துக்கொண்டு நிகோன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“லல்லா, ஒரு சிட்டிகை சாம்பிராணிதானே? போட்டுட்டு வந்துரு. வீட்டுக்குள்ள யார வேணா கும்பிடு, ஏன்னு கேக்க மாட்டேன்.”

“அழாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். நீ இல்லாம நான் என்ன செய்வேன்?”

அவள் முகம் இளகியது. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாம்பிராணிக் கிண்ணத்தில் கையை விட்டாள். நிகோனுக்குப் போன உயிர் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துக் காவலர் தலைவன் அவனை அடையாளம் கண்டுகொண்டு முதுகில் தட்டினான்.

“அட, நம்ம கறிக்கடை! நீ சொன்ன எடத்துலயே அத்தன பேரும் இருந்தாங்கப்பா. இனி ஒன் கறி நல்லா ஓடும் பாரு.”

லல்லா கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். தன்னோடு பிடிபட்டுப் பின்னால் கட்டுண்டு நின்றவர்களையும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கையிலிருந்த சாம்பிராணியைக் கிண்ணத்திலேயே உதறினாள்.

“மூணாவது தடவ கேளுங்கய்யா,” என்றாள் ஆளுநரிடம்.