லட்சத்து ஒரு திரி

கேளுங்கள் கண்ணுகளா, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகை தீபத்தன்று எங்கள் தெரு அம்மன் கோயில் கொப்பரையில் லட்சத்து ஒரு திரி ஏற்றுவதாகப் பதினொரு பெண்கள் வேண்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டையாக லட்சம் என்றால் சாமி காரியத்துக்கு ஆகாது, மேலே ஒன்று வேண்டும். அதோடு, எல்லோரும் சரிசமமாகத் திரிக்க வேண்டும். ஒருத்திக்கு ஒன்று கூடினாலும் புண்ணியம் அவள் பக்கம் சாய்ந்துவிடுமாம். ஆளுக்கு ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று. மீதி விழவில்லை.

இரண்டு வருஷ வேலை. நடுவில் ஆராயியின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். வருஷத் திதியும் முடிந்தது. அந்தத் துக்கத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது பஞ்சு ஒன்றுதான். தன் பங்கைத் திரித்து முடித்து மஞ்சள் துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கூட்டத்துக்குத் தலைவியான ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள். "தாலி இல்லாத கை திரிச்சது கொப்பரையில விழக்கூடாது. அவ பங்கை நாம பத்து பேரே புதுசா திரிச்சிடலாம்."

தலையாட்டினார்கள், பாவிகள். அவர்களில் கணக்கு டீச்சரான காசியம்மாள் வகுத்துப் பார்த்தாள். "ஆளுக்குத் தொள்ளாயிரத்து ஒம்போது. ஒரு திரி மிச்சம்."

"அந்த ஒண்ணை நான் திரிச்சிடறேன்" என்றாள் ஜோதியம்மாள்.

"ஏன், உங்களுக்கு மட்டும் ஒண்ணு ஜாஸ்தியா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தியான சரசு.

"அப்ப ஒருத்தி நின்னுக்குங்க. ஒம்போது பேரா பிரிப்போம்."

"அதுலயும் மிச்சம்தான்க்கா. எட்டு, ஏழு, எதுலயும் அடங்காது. ஒண்ணு, லட்சத்து ஒண்ணையும் ஒருத்தியே திரிக்கணும். இல்லன்னா பதினோரு பேர் வேணும். இந்த எண்ணு அப்படி" என்றாள் காசியம்மாள்.

மூன்று நாளில் ஒன்பதாயிரம் திரிக்கப் புது ஆளுக்கு எங்கே போவது?

ஜோதியம்மாள் ஆராயி வீட்டு வாசலில் போய் நின்றாள். "மூட்டையைக் குடு ஆராயி, சேத்துக்கறோம். நீ வர வேணாம்."

பார்த்தீர்களா நியாயத்தை? நேற்றுவரை தீட்டாக இருந்த திரி இன்றைக்குச் சுத்தமாகிவிட்டது. அவள் முகம் மட்டும் ஆகாது.

ஆராயி குரலை உயர்த்தவில்லை. "கணக்குக்கு நான் வேணும், கொப்பரைகிட்ட வேணாமாக்கா? மூட்டை வந்தா என் கையோடதான் வரும்."

"ஊரு என்னடி பேசும்?"

"பேசட்டும். இல்லன்னா எண்ணிக்கை கொறையுதுன்னு அம்மன்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

மனசு இளகி அவளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா. லட்சத்து ஒன்று மட்டும் பத்தில் அடங்கியிருந்தால் ஒருத்தியும் அவள் பேரைக்கூட எடுத்திருக்கமாட்டாள். எனக்கு ஆறாதது அதுதான்.

மலை உச்சியில் கார்த்திகை தீபம் தெரிந்ததும் ஆராயி வந்தாள். மூட்டையை அவிழ்த்துத் தன் கையாலேயே கொட்டினாள். பக்கத்தில் நின்ற ஜோதியம்மாள் நெய்ச் சொம்பைச் சாய்த்தபடி வேறெங்கோ பார்த்தாள். ஆராயிக்குக் குங்குமத் தட்டை யாரும் நீட்டவில்லை. கொப்பரை அணையும்வரை அவள் முன்வரிசையிலேயே நின்றாள். அவளைப் போகச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை.