வடக்கே வெட்டிய கரை

சாவடியில் கிழக்குச் சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் அம்பலகாரர் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். எதிரே கோரைப்பாயில், சாய்வுப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை. தூணோரம் ராக்கன். வாசற்படியில் அவன் பெண்டாட்டி சின்னப்பிள்ளை. புருஷன் கருமாதி இன்னும் கழியாததால் முனியாயி மட்டும் வெளியே, ஒரு கல்லின்மேல்.

ஐப்பசி மழையில் கண்மாய்க்கரையைக் காப்பது வீட்டுக்கு ஒருநாள் முறை. கரை தாங்காது என்று பட்டால் எந்தப் பக்கம் வெட்டித் தண்ணீரை விடுவது என்பது அன்றைய காவல்காரன் பாடு. அதை யாரும் கேட்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. ராக்கன் தன் முறையில் வடக்கே வெட்டினான். ஊர் தப்பியது. வடக்கே கடலைக்கொல்லைக் குடிசையில் படுத்திருந்த முனியாயி புருஷன் அய்யாக்கண்ணு போய்ச் சேர்ந்தான். ராக்கனுக்கும் அவனுக்கும் வரப்புச் சண்டை. ஆடியிலிருந்து முகம் பார்ப்பதில்லை. அதனால்தான் ஆலங்குடி தாசில்தார் கேட்டிருந்தார்: வெட்டியது நல்லெண்ணத்திலா, பகையிலா? செத்தவன் மனைவியின் வாக்குமூலம் வேண்டும். பகை என்றால் ராக்கனுக்கு ஜெயில்.

"கொல்லையில ஆளு இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாப்பா?" என்றார் அம்பலகாரர்.

"தெரியுங்க. கத்துனேன்."

"சத்தமாவா?"

ராக்கன் தரையைப் பார்த்தான். "மொதத் தடவை மெதுவாத்தான் கத்துனேன். வெட்டுனப்புறம் தொண்டை கிழியக் கத்துனேன்."

"ஒம் வாயில கொள்ளிய வைக்க!" என்றாள் சின்னப்பிள்ளை. "யாரு கேட்டா அதை?"

கணக்குப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்து, வெளியே முனியாயியைப் பார்த்தார். "மெதுவா, சத்தமான்னெல்லாம் எழுத எடமில்லம்மா. நல்லதா, கெட்டதா? ஒரு வார்த்தை சொல்லு."

முனியாயிக்கு அழுகை வரவில்லை. கோபத்தைத் தேடினாள், அதுவும் இல்லை. உள்ளங்கால் ஈரத்தில் வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கன் வடக்கே வெட்டாவிட்டால் அவளும் பிள்ளைகளும் ஊரோடு போயிருப்பார்கள். வெட்டியதால் புருஷன் போனான். இரண்டும் ஒரே மண்வெட்டி.

போன வாரம் சோற்றில் கை வைத்தபடி புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. "என் முறை வரட்டும். தெக்கால வெட்டி ராக்கன் வீட்டை மெதக்க விடுறேன்." அன்று அவள் சிரித்தாள். ரசம் வேண்டுமா என்று கேட்டாள். தெற்கே மொத்தம் நாற்பது வீடு.

"எழுதிக்கிருங்க," என்றாள். "அவுக முறையா இருந்தா அவுக தெக்கால வெட்டியிருப்பாக. எங்கிட்டயே சொன்னாக."

அம்பலகாரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செத்தவன் மேல பழி போடுறியே, தாயி," என்றார் அம்பலகாரர்.

"பழி இல்லைங்க. அவுக நல்லவுகதான். பிள்ளைகளை ஒருநாள் கைநீட்டி அடிச்சதில்ல."

"மதினி..." என்று ராக்கன் எழுந்தான்.

"நீ ஒக்காரு. நீ மெதுவாக் கத்துனதையும் எழுதச் சொல்றேன்."

"அப்ப பகையின்னு போடவா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"நான் சொன்னதைப் போடுங்க. பேரு வைக்கிறது தாசில்தார் பாடு."

அவர் எழுதினார்; வாசித்துக் காட்டினார். முனியாயி எழுந்து வந்து, வாசற்படியைத் தாண்டாமல் கையை மட்டும் உள்ளே நீட்டினாள். சின்னப்பிள்ளை மைப்பெட்டியை வாங்கி அவள் கட்டைவிரலுக்குக் கீழே பிடித்தாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை காகிதத்தை மடித்து உறையிலிட்டு, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். வாசலில் காத்திருந்த தலையாரி அதை வாங்கி முண்டாசுக்குள் செருகிக்கொண்டு ஆலங்குடிப் பாதையில் இறங்கி நடந்தான்.