தூசியோடு வரைந்த கோடு

1

“அந்த ஃபேனை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க சார்.”

பூர்ணிமா இப்படிக் கேட்பதில்தான் கதை தொடங்கும். தோல் ஷெட்காரர்களிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம், ஓடுகிற மெஷினை நிறுத்து என்று மட்டும் கேட்கக்கூடாது என்று பூர்ணிமாவிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

இதை எழுதுகிறவளும் அதே டிசைன் வேலை பார்க்கிறவள்தான். அவள் போட்ட வரைபடத்தைப் பார்த்து ஒருத்தர் “க்ளீனா இருக்கும்மா” என்றார். அந்த எரிச்சலில் பிறந்தது இது.

2

வேலூரில் சின்ன டிசைன் ஆபீஸ். பூர்ணிமா அவள் வீட்டின் முதல் பட்டதாரி. பேரணாம்பட்டில், தோலைத் தேய்க்கும் பஃபிங் ஷெட்டில் தூசியை உறிஞ்ச ஒரு ஃபேன். அதன் பிளேடு எந்த வேகத்தில் எப்படி அதிரும் என்று சாஃப்ட்வேரில் கோடு போட்டவள் அவள். பிளேடு இயல்பாக அதிரும் வேகம் ஒரு கோடு, சுழற்சி தருகிற உதைப்பு ஒரு கோடு. ஓடுகிற வேகத்தில் இரண்டும் வெட்டிக்கொண்டால் ஆபத்து. வெட்டவில்லை. ஃபேன் மாட்டியாயிற்று.

அப்புறம்தான் அவள் அம்மா தலைக்குக் குளித்

(இல்லை, நேராகவே சொல்லிவிடலாம்.) அதே ஷெட்டில் வேலை செய்யும் அம்மாவின் தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருக்கும் தோல்தூசியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், பிளேடைச் சுத்தமாக வரைந்திருந்தாள்.

தூசியின் எடையைச் சேர்த்து சாஃப்ட்வேரை மறுபடி ஓட்டினாள்.

3

“இன்னாம்மா, கோடு கீழ எறங்கிக்கிது?” என்றார் டிசைன் ஆபீஸ் முதலாளி கோதண்டபாணி.

“தூசி ஒட்டினா வெயிட் ஜாஸ்தி, பிளேடு அதிர்ற வேகம் கம்மி. ஓடுற வேகத்துலயே வெட்டுது சார். ஆடி ஆடி பிளேடு பிச்சிக்கும்.”

“தூசிய எடுத்துட்டு வரை. அவங்க கேட்டது சுத்தமான பிளேடு.”

“ஷெட்ல போய் யாரு எடுப்பா, நீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். “நம்ம மொத பெரிய ஆர்டர்மா. நிறுத்துன்னு சொன்னா ஆம்பூர் வரைக்கும் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். ஆபீஸையே மூடணும். என்னை இன்னா பண்ணச் சொல்ற?”

(இவரை வில்லனாக்கத்தான் எழுதுகிறவள் நினைத்தாள். யாரும் வேலைக்கு எடுக்காத பூர்ணிமாவை “இங்கிலீஷு வராட்டி இன்னா, கணக்கு வருதில்ல” என்று எடுத்தவர் இவர். கை வரவில்லை.)

4

முதல் வரைவில் ஃபேனுக்குக் கீழே நின்றது அம்மா. எழுதுகிறவள் அந்த வரியை அடித்துவிட்டாள். அம்மா நின்றால்தான் கோபம் வருமா? இப்போது அம்மாவுக்கு வேறு மூலை. கீழே நிற்பது பில்கிஸ், ஷெட்டில் வேலை செய்யும், பூர்ணிமா பார்த்தேயிராத ஒருத்தி.

கோபம் குறையவில்லை.

5

ஒரு முடிவில் பிளேடு பிய்ந்து, எல்லோரும் “பொண்ணு அன்னிக்கே சொன்னா” என்பார்கள். இதையும் அடித்தாயிற்று. பூர்ணிமா சொன்னது சரி என்று காட்ட பில்கிஸுக்குக் காயம் பட வேண்டுமா?

இன்னொரு முடிவில் கோதண்டபாணியே போன் செய்து நிறுத்தச் சொ

அவர் போனைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஷெட்டில் பூர்ணிமாவை உள்ளே விடுவார்களா, ஃபேன் நிற்குமா, எழுதுகிறவளுக்குத் தெரியாது. வாசிக்கிற நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பில்கிஸ் இன்னும் கீழேதான் நிற்கிறாள்.

தூசியோடு வரைந்ததைப் பிரிண்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்தாள் பூர்ணிமா.

“எங்கேம்மா கெளம்பிட்ட?”

“பேரணாம்பட்டுக்கு சார். டீ ஆறிடும், குடிங்க.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.