பூனைத் தட்டில் தேரை

தமயந்தி கன்னடம் பேசும் ஊரான ஹெப்பகோடியில் ஒரு தரைத்தள வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். பக்கத்து ஆலையில் வேலை. வளர்த்த பூனை காணாமல் போன பிறகும் வாசலில் அதற்குத் தீனி வைப்பதை அவள் நிறுத்தவில்லை. ஒரு நாள் காலையில் தட்டு காலியாகக் கிடந்தது. பூனை வந்துவிட்டது என்றே நினைத்தாள். அன்று வேலை முடிந்து வந்ததும் தட்டை நிரப்பிவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது பூனை இல்லை, ஒரு தேரை.

தமயந்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. துடைப்பத்தோடு வெளியே போனாள். தேரை அவளைக் கண்டுகொள்ளவேயில்லை. தீனி உருண்டைகளில் எறும்பு மொய்த்திருந்தது. எறும்புகள் ஊர ஊர உருண்டையே அசைவதுபோல் இருந்தது. தேரை தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தது, வெடுக்கென்று நாக்கை நீட்டி எறும்போடு உருண்டையையும் இழுத்துக்கொண்டது. விழுங்கும்போது கண்ணிரண்டும் உள்ளே அமுங்கின. இதற்கும் பசிதானே என்று தோன்ற, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு கிளெமென்ட் பால்கனியிலிருந்து சிகரெட் துண்டைச் சுண்டிவிட்டான். அது கனலோடு தரையில் உருண்டது. தேரை ஒரே தாவலில் அதை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயோ தம்பி, நெருப்ப முழுங்கிடுச்சு!"

கிளெமென்ட் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். அதுவரை தேரையைத் தொட்டே அறியாத தமயந்தி, அதை அள்ளிக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். அது முன்னங்காலால் வாயைத் துடைத்துத் துடைத்து ஒருவழியாகத் துண்டைக் கக்கியது.

"பூச்சின்னு நெனச்சிடுச்சுக்கா, பாவம். சத்தியமா நான் கீழ பாக்கல."

"இனிமே மேலேருந்து எதையும் போடாதீங்க தம்பி. எது பூச்சி, எது குப்பைன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

தேரை தத்தித் தத்திப் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது. அதற்கப்புறம் வரவில்லை. கேப் ஓட்டக் கிளம்பும்போதெல்லாம் கிளெமென்ட், "வந்துச்சாக்கா?" என்று கேட்பான். செத்திருக்குமோ என்ற பயத்தை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவன் தெருவிலிருந்து கத்தினான். "அக்கா, ஓடி வாங்க!"

விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஈசல் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே நாலைந்து தேரைகள், வாய் ஓயாமல் தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் உதட்டோரத்தில் மட்டும் கருகிய தழும்பு.

"நம்மாளுதான்!" என்றான் கிளெமென்ட்.

தமயந்தி குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தாள். அதற்குள் ஒரு பைக் வேகமாகத் திரும்பியது. அவள் நடுத்தெருவுக்கு ஓடி, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"ஸ்வல்ப நில்லி சார், கொஞ்சம் நில்லுங்க! சாப்பிட்டுட்டு இருக்காங்க."