ஜொனாதனின் கடனுக்காக மன்றாடுவோம்

அந்தப் பெண்ணின் குரல் நல்ல இனிமையான குரல். அதுதான் முதலில் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்திருந்தேன்.

"ஜொனாதன்ட அம்மாவா கதைக்கிறது?"

"ஓம்."

"உங்கட மகன் எங்கட ஆப்ல லோன் எடுத்திருக்கிறார் அம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கட்ட இல்லையெண்டா, அவர்ட போன்ல இருக்கிற எல்லாருக்கும் கோல் எடுத்துச் சொல்லுவம். வேலை செய்யிற இடம், சேர்ச் ஆக்கள், சொந்தக்காரர், ஒருத்தரையும் விட மாட்டம்."

"எவ்வளவு?"

"மூண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

எனக்குப் பயம் வந்தது, உண்மைதான். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் கூட. என் பிள்ளையின் மானத்துக்கு நேரம் குறிக்க இவள் யார்? அதிலும் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் ஒரு த்ரீவீல் நுழைந்தால் எதிரே வருபவர் யாராவது வீட்டு வாசலில் ஏறி நிற்கவேண்டும். வீடு சின்னதுதான், ஆனால் சொந்தம். என் கணவர் ஒஸ்வால்ட் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளாக்காக இருந்து சேர்த்த காசில் வாங்கியது. ஓய்வுபெறும்போது கிடைத்ததை வங்கியில் வைத்து வட்டியில் வாழ்கிறார். "இந்த வீட்டு வாசல்ல ஒரு கடன்காரன் வந்து நிண்டதில்லை" என்பது அவர் வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீருக்கு முன்பே பரிமாறும் வாசகம்.

ஜொனாதனுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளவத்தையில் சாந்தன் என்பவரின் புடவைக் கடையில் காசாளர். அன்று மாலை அவன் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே நான் விஷயத்தைக் கேட்டுவிட்டேன். ஒஸ்வால்ட் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார்.

"போன் வாங்கினியா? இந்தக் காலில கிடக்கிற சப்பாத்தை வாங்கினியா? உங்கட வயசு ஆக்களுக்குக் கையில இல்லாத சல்லியைச் செலவழிக்கத்தான் தெரியும்!"

"சப்பாத்தும் வாங்கினனான் டடி. பொய் சொல்ல மாட்டன். ஆனா முதல் எடுத்தது போன ஜூன்ல, திருநாளுக்கு."

அந்தோனியார் திருநாளுக்கு எங்கள் வீட்டில் வருடா வருடம் சாப்பாடு. ஒழுங்கை முழுவதும் வரும். அந்த முறை ஆட்டிறைச்சிப் புரியாணி. விலைவாசி ஏறி எல்லாரும் பருப்பை அளந்து போட்ட காலத்தில், ஆட்டிறைச்சி!

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?" என்றார் ஒஸ்வால்ட்.

"சொன்னனான். இந்த முறை கோழி போதும் எண்டு சொன்னனான். எங்கட வீடு இறங்கிப் போகாதெண்டு நீங்கதான் சொன்னீங்க. உங்கட வட்டிக் காசு இப்ப அரிசிக்கும் கரண்டுக்குமே காணாது டடி. மிச்சத்தை யார் போடுறது எண்டு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே."

முதல் ஆப்பில் கேட்டது நாற்பதாயிரம், கைக்கு வந்தது முப்பதுக்கும் குறைவு. அதைக் கட்ட இன்னொரு ஆப். அதைக் கட்ட மூன்றாவது, வட்டியும் அபராதமும் ஏறி இப்போது மூன்று லட்சம். இவனுக்கு மூளை எங்கே போனது என்று எனக்கும் வாயில் வந்தது. ஆனால் அந்தப் புரியாணியை நானும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவள். விழுங்கிக்கொண்டேன்.

ஒஸ்வால்ட் நேரே அலுமாரிக்குப் போய் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்தார். "ரெனால்ட் இண்டைக்குச் செபத்துக்கு வருவார் தானே. முடிய, இதைக் குடுத்துச் சல்லி வாங்குவம். விடியிறதுக்குள்ள கட்டிப்போட்டா ஒருத்தருக்கும் தெரியாது." சொன்ன கையோடு ரெனால்ட்டுக்குப் போன் எடுத்து, கொஞ்சம் கதைக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ரெனால்ட் எங்கள் அன்பியத்தின், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழுவின், தலைவர். பொருட்களை இறக்கி ஏற்றும் கம்பனி, இரண்டு மாடி வீடு, கோயிலுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கதிரைகள். பக்கத்து ஒழுங்கைக் கிருபாகரனின் உறுதியும் இப்படித்தான் ஒரு இரவு அவரிடம் போனது. இப்போது கிருபாகரன் வாடகை வீட்டில். அவருடைய வீட்டில் ரெனால்ட்டின் லொறி டயர்கள் குடியிருக்கின்றன.

"வேண்டாம்" என்றேன்.

"பிறகு நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கட்டுமா? இருபது வருஷமா இந்த ஒழுங்கையில தலை நிமிர்த்தி நடந்தனான் றோஸி."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உறுதியைச் சுருட்டி ஒரு கடதாசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். நான் குசினிக்குப் போய் ரோல்ஸ் பொரித்தேன். எண்ணெய் கொதிக்கக் கொதிக்க எனக்கும் கொதித்தது. அந்தப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? பொலிஸ் இருக்கிறதா, கோர்ட் இருக்கிறதா? எங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாது என்பது ஒன்றுதான் இருக்கிறது. அதை விலைக்கு வாங்கவா நாங்கள் வீட்டைக் கொடுப்பது?

அன்பியச் செபம் ஒவ்வொரு புதன்கிழமையும் ஒவ்வொரு வீட்டில். அந்தப் புதன் எங்கள் முறை. ஏழு மணிக்கு மாதா சுரூபம் வந்தது, ரெனால்ட்டின் கதிரைகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். முன் வரிசையில் ரெனால்ட். அவருக்குப் பின்னால் த்ரீவீல் ஓட்டும் பிறெடி. கதவோரம் அடுத்த வீட்டு நதீஷா, எங்கள் தமிழ்ப் பொடியன் ஒருவனைக் கட்டிய சிங்களப் பிள்ளை. ஜெபமாலை முடிந்தது, வாசகம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் விரும்பியதைச் சத்தமாக மன்றாடலாம், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். வழக்கமாக உலக சமாதானம், நோயாளிகள், பிள்ளைகளின் சோதனை.

ரெனால்ட் தொண்டையைச் செருமினார். "பொருளாதாரக் கஷ்டத்தில் வாடும் ஏழை மக்களுக்காக மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம்.

நான் எழும்பினேன். ஒஸ்வால்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. கடதாசிப் பை சரசரத்தது.

"என் மகன் ஜொனாதனுக்காக" என்று செபத் தமிழில்தான் தொடங்கினேன். ஒரு வசனத்துக்கு மேல் அது ஓடவில்லை. "அவன் போன்ல கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னும் கடன் எடுத்து, இப்ப மூண்டு லட்சத்துக்கு மேல நிக்கிறான். அந்தக் காசிலதான் போன திருநாளுக்கு நாங்க எல்லாரும் இந்த வீட்டில புரியாணி சாப்பிட்டது. நானும் சாப்பிட்டனான். நாளைக்குக் காலையில உங்க எல்லாருக்கும் ஒரு கோல் வரும். என்ட மகன் கள்ளன் எண்டு சொல்லுவாங்க. அவன் கள்ளன் இல்லை, மடையன். அந்த நேரம் உங்களுக்கு ஆண்டவர் நல்ல வாயைத் தரவேணும் எண்டு மன்றாடுவம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஜொனாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனியாக நிற்கிறேனே என்று பயந்துவிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான் பிறெடி, எழும்பி நின்று தனிக் குரலில். உட்காராமல் அப்படியே தொடர்ந்தான். "என்ட த்ரீவீலுக்காகவும். கராஜில கிடக்கெண்டு உங்க எல்லாருக்கும் சொன்னது பொய். தவணை கட்ட இல்லை, லீசிங் ஆக்கள் தூக்கிக்கொண்டு போயிடுவாங்க எண்டு மாளிகாவத்தையில மச்சான்ட பிளாட்ஸுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

இந்த முறை பதில் சொல்ல ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நதீஷா எப்போதும் சிங்களத்தில்தான் மன்றாடுவாள். அன்று எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ, தமிழில் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது கவரிங். என்ட மாலை பேங்க்ல. பேபிட பால்மாவுக்கு அடகு வைச்சது. மாமிக்கு இன்னும் தெரியாது." மாமி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிடச் சத்தமாக அவர்தான் பதில் சொன்னார்.

ரெனால்ட் திரும்பினார். "இது செபமா, கடன் வழக்கா? றோஸி, இப்பிடியான விஷயமெல்லாம் வீட்டுக்குள்ள கதைக்கிறது. வெளியில கொண்டுவந்தா யாருக்குக் கேவலம்?"

அவ்வளவுதான், எனக்கு வந்த கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அதே திருநாள் சாப்பாட்டில், எங்கள் மேசையில், எங்கள் ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டு இந்த மனிதர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கம்பனிக்கு எட்டுக் கோடிக் கடனாம். கட்ட முடியாதென்று வங்கிக்குப் போனாராம். கோப்பி கொடுத்து, ஏசி அறையில் இருத்தி, வட்டியையும் குறைத்து இன்னும் ஐந்து வருடம் தவணை கொடுத்தார்களாம். சொல்லிச் சிரித்தார், நாங்களும் கெட்டிக்காரர் என்று தலையாட்டினோம். அவருடைய போனில் இருக்கும் ஒருவருக்கும் ஒரு கோலும் போகவில்லை.

"இன்னும் ஒரு மன்றாட்டு" என்றேன். "எட்டுக் கோடிக்கு ஐஞ்சு வருஷம் தவணை கிடைச்ச மிஸ்டர் ரெனால்ட்டுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுவம். கோடிக்குக் காட்டின அதே இரக்கத்தை லட்சத்துக்கும் காட்டவேணும் எண்டு மன்றாடுவம்."

அந்த இரவில் ஆகச் சத்தமாக வந்த பதில் அதற்குத்தான். வாசலில் நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

ரெனால்ட் ரோல்ஸுக்கு நிற்கவில்லை. எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டு, என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார்.

"ஒஸ்வால்ட், நீர் என்னோட ஏதோ கதைக்கவேணும் எண்டு சொன்னீர்?"

எல்லாரும் ஒஸ்வால்ட்டைப் பார்த்தோம். அவர் மடியில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்தது, என் மேல்தான். அவர் இப்போது எழும்பி அந்தப் பையை நீட்டிவிட்டால் நான் செய்த கூத்தெல்லாம் வெறும் கூத்தாகவே போய்விடும்.

"ஒண்டுமில்லை" என்றார். "பிறகு பாப்பம்."

பிறகு என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவு அவர் என்னோடு கதைக்கவும் இல்லை. பையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தார்.

விடிந்ததும் ஜொனாதன் வேளையோடு கடைக்குப் போய்ச் சாந்தனிடம் தானே விஷயத்தைச் சொன்னான். சாந்தன் அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் காசு மேசையிலிருந்து எடுத்து மேல்மாடியில் சேலை மடிக்க விட்டார், சம்பளமும் குறைவு. உண்மை சொன்னவனுக்கு இது தண்டனை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பத்து மணிக்குச் சொன்னபடியே ஒழுங்கையில் போன்கள் அடிக்கத் தொடங்கின. நதீஷா சிங்களத்தில் திட்டுவது சுவர் தாண்டிக் கேட்டது. பிறெடி வாசலில் நின்று கத்திக் கதைத்தான்: "ஓம் தங்கச்சி, தெரியும். நேத்தே மன்றாடியாச்சு. வேற ஏதும் புதுசு இருந்தாச் சொல்லும்." ஒழுங்கை சிரித்தது. ஒஸ்வால்ட் பயந்த சிரிப்புத்தான் அது, ஆனால் எங்களைப் பார்த்து அல்ல.

பிறகு அவருடைய போன் அடித்தது. பையை மடியில் வைத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டு அவரே எடுத்தார். ஸ்பீக்கர் எங்கே அழுத்துவது என்று தெரியாமல் தடவினார், நான் அழுத்திவிட்டேன்.

"ஜொனாதன்ட அப்பாவா? உங்கட மகன் ஒரு கடன்காரன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் ஒரு கடன்காரன்தான். அந்தப் புரியாணியைப் போடச் சொன்னது நான். கையில வாங்கின காசை அப்பனும் மகனும் மாசம் மாசம் கட்டுவம். மற்ற வட்டியெல்லாம் வேணுமெண்டா கோர்ட்டுக்கு வாங்க, அங்க கதைப்பம்."

"அப்ப மற்ற ஆக்களுக்கும் சொல்லுவம்" என்றாள், இனிமை கொஞ்சம் குறைந்து.

"சொல்லுங்க பிள்ளை. லிஸ்ட்ல ரெனால்ட் எண்டு ஒருத்தர் இருப்பார். அவருக்கு எடுக்க மறக்க வேண்டாம். எட்டுக் கோடிக் கடன்காரன், அவருக்கு நல்லா விளங்கும்."

போனை வைத்தார். மடியில் இருந்த கடதாசிப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை அலுமாரியில வை" என்றார்.