துரையின் பதினெட்டு நகங்கள்

நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று யாராவது சொன்னால், தையற்காரி அவர்கள் வாயையே தைத்துவிடுவாள். ஆனால் உண்மை அதுதான். அந்த நாய், துரை, வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமாக அவளுக்கு வயிறு எரிகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். "சாப்பாடு", "சாவி எங்க", "லைட்டை அணை". கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அப்பேர்ப்பட்ட மனிதர், டிப்போவில் அநாதையாகத் திரிந்த கறுப்பு நாயைக் கூட்டிவந்த நாளிலிருந்து மடை திறந்த மாதிரி பேசினார்.

"சாப்டியா கண்ணு? என்னைத் தேடினியா? யார்ரா என் ராஜாவைத் திட்டினது?"

திட்டினது அவள்தான். வேளாவேளைக்குத் தட்டில் போட்டதும், குளிப்பாட்டியதும், சோபாவில் உதிர்ந்த முடியைப் பெருக்கியதும்கூட அவள்தான். ராஜா பட்டம் மட்டும் அதற்கு. தன்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் குரலில் பேசமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. கேட்டு வாங்குகிற பொருளா அது?

தெருவில் ஓடித் தேய்ந்த நகம், வீட்டுத் தரையில் தேயாமல் வளர்ந்துவிட்டது. துரை நடந்தால் டக்டக்கென்று சத்தம். நாய் டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வெட்டலாம் என்றாள்.

"வெள்ளை நகம்னா உள்ளே ஓடுற ரத்தக்குழாய் வெளியில தெரியும். இது கறுப்பு, தெரியாது. அதனால நுனியில நூலளவு நூலளவா சீவணும். சீவின இடம் வெளுத்துக் காய்ஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் சீவலாம். நடுவுல ஈரமா கரும்புள்ளி தெரிஞ்சா, அதோட நிறுத்திடணும். ஒவ்வொரு நகத்தையும் தனித்தனியா பாருங்க. தப்பித்தவறி ரத்தம் வந்தா சோளமாவை வெச்சு அழுத்துங்க."

புருஷனுக்கு அரை மைல் தூரத்து லாரியின் நம்பர் தெரியும். மடியில் இருக்கிற நகம் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் வெளிச்சத்தில், அவர் பிடித்துக்கொள்ள அவள் வெட்டுவது என்று முடிவாயிற்று.

முதல் நகத்தை டாக்டரம்மா சொன்னபடியே வெட்டினாள். ஒரு சீவல், வெள்ளை. இன்னொரு சீவல், வெள்ளை. மூன்றாவதில் புள்ளி தெரிந்தது, நிறுத்தினாள். துரை இமைகூட அசைக்கவில்லை. இருபது வருஷம் கத்தரி பிடித்த கையாயிற்றே!

"பயப்படாம காட்டினியே, என் சமத்து!" என்றார் புருஷன், நாயின் காதைத் தடவி. வெட்டினவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. "வலிச்சா சொல்லு கண்ணு. உடனே நிறுத்தச் சொல்றேன்."

நிறுத்தச் சொல்வாராம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீக்கிரம் முடித்தால் இந்தக் கொஞ்சலாவது நிற்கும். இரண்டாவது நகத்திலிருந்து அவள் புள்ளியைத் தேடவில்லை. ரவிக்கைக்கு ஒரு கையை அளந்து வெட்டிவிட்டால் மறுகையை எந்தத் தையற்காரி அளப்பாள்? முதல் நகம் எத்தனை நீளமோ அத்தனை நீளத்துக்கு மற்றதும். இரண்டு, மூன்று, நான்கு என்று சரியாகவே வந்தது. ஆனால் ஐந்தாவது நகத்தில் ரத்தக்குழாய் நீண்டிருந்தது. நகவெட்டி கடித்ததும் துரை வீலென்று கத்தியது. தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"ஐயோ, என் செல்லமே! ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல?" கிண்ணத்திலிருந்த சோளமாவை அள்ளி அழுத்தினார். குரல் தழுதழுத்தது. கண்கூட ஈரமாகிவிட்டது.

அவளுக்கும் மனசு பதறத்தான் செய்தது. வாயில்லாப் பிராணி, என்ன பாவம் செய்தது? ஆனால் அவர் கண்ணீரைப் பார்த்ததும் பதற்றமெல்லாம் போய்ப் பொறாமை தொண்டைவரை ஏறியது.

"என் விரல்ல மெஷின் ஊசி ஏறிச்சே, அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"'துணியில ரத்தம் பட்டுடப்போகுது, பாத்து'ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு டியூட்டிக்குப் போய்ட்டீங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு ஐயோகூட வரல உங்க வாயில!"

ரத்தம் நிற்கும்வரை அவர் பாதத்தை அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு மாவுக் கையைத் துடைக்காமலே கேட்டார்.

"எந்த விரல்?"

காட்டக்கூடாது என்றுதான் நினைத்தாள். கை தானாக நீண்டது. இடது ஆள்காட்டி விரல், நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. அவர் அதைக் கிட்டத்தில் பார்த்தார், தெரியவில்லை. கையைப் பிடித்துத் தள்ளி நீட்டிவைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழமாவா?"

"எலும்பு வரைக்கும்."

"பயந்துட்டேன்."

"பயந்தா துணியைப் பத்தியா பேசுவாங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல. இதுகிட்ட எதை உளறினாலும் கேட்டுக்கும். உன்கிட்ட தப்பா ஏதாவது சொல்லிட்டா, உன் மூஞ்சி மாறிடும்."

"மாறினா மாறட்டுமே! நான் என்ன, உங்களைக் கடிச்சா வெச்சுடுவேன்?"

அவர் சிரிக்கவில்லை. விரலை விடவும் இல்லை. இத்தனை நேரம் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. மாவு அப்பிய காலைத் தூக்கி அவர் மடியில் வைத்து, மூக்கை இருவர் கைக்கும் நடுவே நுழைத்தது. தையற்காரி முழங்கையால் அதை மெல்லத் தள்ளினாள்.

அவர் கட்டைவிரல் அந்தப் பிளவின்மேல் ஒரு தடவை போய் வந்தது.

"இன்னும் வலிக்குதா?" குரல் இறங்கியிருந்தது. நாயிடம் பேசுகிற அதே குரல்.

அந்த வலி ஊசி ஏறிய மாதமே போய்விட்டது.

"வலிக்குது," என்றாள்.