இரண்டு இஞ்ச் உயரம்

மே 18, ஞாயிறு, பிற்பகல். இன்று ஒரு தவறு செய்தேன். அக்காவின் வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு அளந்தேன். அந்த அளவை நம்பி, ஸ்பிரிங்கை ஒரு இஞ்ச் உயர்த்தினால் போதும் என்று பட்டறைக்காரரிடம் சொல்லியும் விட்டேன்.

எழுதிவிட்டுச் சின்னவள் பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்தாள். பகலில் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை, மாலையில் வண்டி பழுதுபார்க்கும் வகுப்பு. எதையும் நான்கு தடவை அளப்பாள். ஐந்தாவது தடவை அளவுகோலையே சந்தேகப்படுவாள். அத்தான் அவளுக்கு ‘இஞ்ச் டேப்பு’ என்று பேர் வைத்திருந்தார்.

அக்கா நர்ஸ். வாரத்தில் ஐந்து நாள் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போகிறவள். போன மழையில் ஓடையைத் தாண்டும்போது வண்டியின் வயிறு கல்லில் தட்டி நின்றுவிட்டது. மருந்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தாள். அங்கே காய்ச்சலில் கிடந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அக்காவின் முகமும் கறுத்துவிடும். அடுத்த மழைக்கு மூன்று வாரம்தான். அதற்குள் பெரிய டயர் போட்டாக வேண்டும். டயர் இடிக்காமல் இருக்க வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று சொல்லும் பொறுப்பை அக்கா தங்கையிடம்தான் விட்டிருந்தாள்.

தவறு தெரிந்தது சாப்பாட்டுக்குப் பிறகு. மறுநாளைக்காக அக்கா பெட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஐஸ் பெட்டி உள்ளே போனதும் வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. சின்னவள் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்தாள். காலையில் நாலு விரல் நுழைந்த இடத்தில் இப்போது இரண்டு விரல்தான் நுழைந்தது. புது டயர் உயரத்தில் மட்டுமல்ல, அகலத்திலும் கூடுதல். பள்ளத்தில் இறங்கித் திரும்பினால் உரசிக் கிழியும்.

டைரியில் எழுதிய பிறகுதான் அவளுக்கு வாசலுக்குப் போகும் தைரியம் வந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“திட்டுற மாதிரி என்னடி பண்ணித் தொலைச்ச?”

சொன்னாள். அக்கா ஒரு நிமிஷம் வண்டியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அளக்கறதுக்கு முன்னாடி குளிப்பாட்டி, நகையெல்லாம் கழட்டி வெச்சியா? ஆபரேஷனுக்கா அனுப்புற?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். “மொதல்ல அந்த மனுஷனுக்கு போனப் போடு.”

பட்டறைக்காரர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். “நாளைக்குத்தாம்மா ஆர்டர் போடுவேன், பதறாத. மாட்டுனதுக்கு அப்புறம் வந்து அழறவங்களைத்தான் நான் பாத்திருக்கேன். நீ முன்னாடியே அழற. நல்லதுதான்.”

அத்தானுக்கு இதைக் கேட்டதும் கொண்டாட்டம். “நான் அப்பவே சொன்னேன். நாலு இஞ்ச் தூக்கிடு. வண்டி சும்மா யானை மாதிரி நிக்கும்.”

“நாலு இஞ்ச் தூக்குனா வளைவுல சாயும் அத்தான். மலை ரோடு வேற. அதோட, அக்கா எப்படி ஏறுவா?”

“ஏன், கால் இல்லையா அவளுக்கு?”

இருந்தது, ஆனால் குட்டைக் கால். அக்காவை நிற்கவைத்து அளந்தால் ஐந்தடியைத் தொடவே அரை விரல் குறையும். ஏறும்போது ஒரு கையில் ஐஸ் பெட்டி வேறு.

சின்னவளுக்கு யோசனை வந்தது அத்தானின் தொழிலைப் பார்த்துத்தான். அவர் அலமாரி செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு இஞ்ச் கனப் பலகைத் துண்டுகள் குவிந்து கிடந்தன. நாலு இஞ்ச் தூக்கினால், பெரிய டயரின் ஒரு இஞ்சையும் சேர்த்து ஐந்து. அந்த உயரத்தில் அக்காவால் ஏற முடிகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து பலகையைப் படிபோல் அடுக்கினார்கள். அக்கா வண்டியை மெல்ல மேலே ஏற்றி நிறுத்தினாள். அத்தான் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்.

அக்கா இறங்கி, பெட்டியோடு மறுபடி ஏறப் பார்த்தாள். கால் எட்டியது, உடம்பு எட்டவில்லை. இரண்டாவது முயற்சியில் செருப்பு கழன்று விழுந்தது.

“நான் வந்து தூக்கி விடறேன்” என்றார் அத்தான்.

“மலையில யாரு தூக்கி விடுவா? ஆடா?”

அடுத்த நிமிஷம் அத்தானே குனிந்து, வண்டியை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் இரண்டு பலகையை உருவினார். மூன்று மிச்சம்: டயருக்கு ஒன்று, ஸ்பிரிங்குக்கு இரண்டு. வண்டியைத் திரும்பப் பலகைமேல் நிறுத்தியதும், இந்தத் தடவை அக்கா கதவைப் பிடித்து ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பெட்டி ஆடவில்லை.

“இது போதும்டி.”

சின்னவள் அப்படியே விட்டுவிடவில்லை. எல்லாப் பெட்டிகளும் உள்ளே இருக்க, அத்தானையும் பின்சீட்டில் ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் மேலே இருந்த இடைவெளியை மண்ணில் படுத்துக்கொண்டு அளந்தாள். “நான் சரக்கா?” என்று அவர் உள்ளிருந்து கத்தினார். கணக்குப் போட்டாள், இரண்டு இஞ்ச் சரியாக இருந்தது. திரும்பவும் போட்டாள். அப்போதும் சரியாகவே இருந்தது.

தங்கையின் முதுகில் ஒட்டிய மண்ணை அக்கா தட்டிவிட்டாள். “வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்க்கா நீ. நான் தப்பாச் சொன்னத நம்பி இருந்தா…”

“கேட்டேனே. மூணு பேரு நாலு இஞ்ச்னு சொன்னாங்க, ஒருத்தனும் குனிஞ்சு பாக்கல. நீ படுத்துப் பாத்த. தப்புன்னு தெரிஞ்சதும் வந்து சொன்ன. எனக்கு அது போதும். போ, குளி. நாத்தம் தாங்கல.”

விளக்கு ஏற்றும் நேரத்தில் சின்னவள் டைரியைத் திறந்து, பிற்பகல் எழுதியதன் கீழே தொடர்ந்தாள்.

தவறு வெளியே வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பட்டறைக்காரருக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுப் பலகை சுமந்த அத்தானுக்கு நன்றி. அக்காவுக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நாளை: எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போய், இரண்டு இஞ்ச் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வண்டி உயர்ந்தால் எதிரே வருபவர் கண் கூசும். ஹெட்லைட்டைத் தாழ்த்தவும் சொல்ல வேண்டும்.